மண் குதிரையும் காணி உறுதியும்

தலைமை வகிக்கும் அதிபர் ஐயா அவர்களே, பிரதேச சபை உறுப்பினர்களே, கோயில் பரிபாலன சபைப் பெரியவர்களே, இந்த மழையிலும் பஸ் பிடித்து ஹட்டன் வந்து சேர்ந்த தோட்டத் தலைவர்மார்களே, மாதர் சங்கத் தலைவிமார்களே, காலையிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தங்கச்சியின் மண் சிற்பங்களைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: மண், பெண்மை, மனுசருக்குள் இருக்கும் முரண். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா என்பார்கள். அது குதிரையே இல்லை, குதிர், ஆற்று மணல்மேடு என்று சொல்பவர்களும் உண்டு. எதுவானாலும் நம்பி இறங்கி முங்கியவர்கள் நாம்தான்.

வாசல் பக்கம் நிற்கும் தாயைப் பாருங்கள். வலது கை அடிக்க ஓங்கியிருக்கிறது, இடது கை அதே பிள்ளையின் தலையை வயிற்றோடு அணைத்திருக்கிறது. பெண்மை என்றால் பொறுமை என்று மேடையில் பேசுகிறோம், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்ட தாய் எந்த லயத்து வீட்டில் அப்படி இருக்கிறாள்? காமன் கூத்தில், எரிந்துபோன காமனுக்காக, ஆண்பிள்ளை அவன் மனைவி ரதியாக நின்று அழும்போது ஊரே சேர்ந்து அழுகிறதே, அதையும் யோசியுங்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். தங்கச்சி முதலில் செய்த, தேயிலைக் கொழுந்து பறிக்கும் கொழுந்துக்காரி சூளையிலேயே வெடித்துவிட்டாள். உள்ளே குடைந்து எடுக்காமல் மண்ணைத் தடிப்பாக விட்டதால், காயாத ஈரம் ஆவியாகிப் பிளந்துவிட்டது. இரண்டாவதைப் பொறுமையாகக் குடைந்து, நிழலில் காயவைத்து, சுட்டு எடுத்தாள். அதைப் பார்க்க வந்த ஒரு அம்மாயி, "கயிற நெத்தியில போட்டிருக்கியே புள்ள, அது உச்சியில கிடக்கும்" என்று சொல்லி, தலையில் போட்டிருந்த துணியை எடுத்துக் குனிந்து காட்டினார். கூடைக் கயிறு இழுத்து இழுத்து முடி போன தடம், இரண்டு விரல் அகலத்துக்கு, உள்ளங்கை மாதிரி வழவழவென்று. கூட நின்ற அவர் மகளே அதை அன்றைக்குத்தான் பார்த்தாளாம். சுட்ட மண்ணைத் திருத்த முடியாது, அதனால் தங்கச்சி மூன்றாவது ஒன்று செய்தாள். நடு மேசையில் இருப்பது அதுதான், மேலிருந்து பாருங்கள், அந்தத் தடம் தெரியும்.

சரி, அந்த மண் ஏது? ஓடை ஓரத்தில் இரண்டு வாளி அள்ளியது. அதற்கும் தோட்ட நிர்வாகத்தார் வந்து விளக்கம் கேட்டார்கள், தோட்டத்துக் காணியாம்! 1823இல் நம் முன்னோர் இந்தியாவிலிருந்து கோப்பித் தோட்ட வேலைக்கு வந்ததாகக் கணக்கு வைத்து 2023இல் 200 வருடத்தை நினைவுகூர்ந்தோம். 1948இல் பறிபோன பிரஜாவுரிமை, மிச்சமிருந்தவர்களுக்கு 2003 சட்டத்தோடுதான் வந்தது. காணி மட்டும் வரவில்லை. இன்னும் எத்தனையோ குடும்பம் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில்தான் கிடக்கிறது. 7 பேர்ச் காணியில் வீடு கிடைத்தவர்களிலும் பலருக்கு உறுதிப் பத்திரம் கைக்கு வரவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் ஒரு மண் குதிரை வருகிறது, நாமும் இறங்குகிறோம்.

காணி உறுதியில் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும். கொழுந்தெடுத்துத் தலைமுடி போனது அவளுக்குத்தானே? அதைக் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. சிற்பங்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். அந்த அம்மாயி முன்வரிசையில்தான் இருக்கிறார், முதல் கையெழுத்து அவருடையது.