திரை போட்டுக் கேளுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். 'ஆடியோ கருவி வாங்கும்போது நம்ப வேண்டியது கேட்டவர் அனுபவத்தையா, சோதனையையா?' என்பது தலைப்பு. சோதனையைத்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய சகோதரி, "கச்சேரியில் சுருதி இம்மி விலகினாலும் வித்வானின் காது கண்டுபிடித்துவிடுகிறது. அவர் கையில் மீட்டரா இருக்கிறது?" என்று கேட்டார். நல்ல கேள்வி, நானும் கைதட்டினேன். ஆனால் அம்மா, வித்வானுக்குப் பின்னால் தம்புரா ஒலித்துக்கொண்டே இருக்கிறதே! விலகலை அவர் நினைவிலிருந்து சொல்லவில்லை. அந்த நொடியில் ஒலிக்கும் ஆதார சுருதியோடு ஒப்பிட்டுச் சொல்கிறார். வீட்டில் நாம் ஸ்பீக்கருக்குப் போகும் பழைய கேபிளைக் கழற்றி, புதியதை மாட்டி, பத்து நிமிடம் கழித்துக் கேட்டுவிட்டு, "அடடா, வீணை எவ்வளவு தெளிவு!" என்கிறோம். எதோடு ஒப்பிட்டோம்? ஒலியின் நுணுக்கம் அவ்வளவு நேரம் நினைவில் தங்காது. தங்குவது, கேபிளுக்குக் கொடுத்த விலையும் அதன்மேல் வைத்த ஆசையும்தான்.

அப்படிச் சொல்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். தெளிவு கூடியதாக அவர் உண்மையாகவே உணர்ந்தார். அந்த உணர்வு கேபிளிலிருந்து வந்ததா என்பதே என் கேள்வி.

1994-இல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஒலிவ் என்ற இரு ஆய்வாளர்கள் இதே கேள்வியை ஸ்பீக்கர்களை வைத்துச் சோதித்து வெளியிட்டார்கள். ஹார்மன் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தில் வேலை செய்யும் 40 பேர். 4 வகை ஸ்பீக்கர்கள். ஒருமுறை திரைக்குப் பின்னால், ஒருமுறை கண்ணெதிரே. திரை இருந்தபோது மதிப்பெண்கள் நெருங்கியிருந்தன. திரை விலகியதும், பெரிய, அழகான, விலை கூடிய ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் ஏறியது. சின்ன பிளாஸ்டிக் ஸ்பீக்கருக்கு இறங்கியது. இதைவிட என்னை உலுக்கிய செய்தி வேறொன்று. அறையில் ஸ்பீக்கரை இடம் மாற்றி வைத்தால் ஒலி மாறும்; பாஸ் என்கிற கனத்த, தாழ்ந்த ஒலி கூடும், குறையும். திரைக்கு இப்பால் இருந்தவர்கள் அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். பார்த்துக்கொண்டே கேட்டபோது அதே ஆட்களுக்கு அது அவ்வளவாகத் தெரியவில்லை. இல்லாததைக் கேட்க வைத்த கண், இருந்ததையும் கேட்கவிடாமல் தடுத்தது, நடுவர் அவர்களே!

வயலின் கலைஞர்களுக்கும் இதே கதைதான். 2010-இல் இண்டியானாபொலிஸ் நகரில் 21 வயலின் கலைஞர்கள் கறுப்புக் கண்ணாடி அணிந்து 3 பழைய, 3 புதிய வயலின்களை வாசித்தார்கள். பழைய மரத்தின் வாசனைகூடக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று தாடைக்கட்டையில் வாசனைத் திரவியம் தடவியிருந்தார்கள். அதிகம் பேர் விரும்பியது ஒரு புதிய வயலின். கடைசியில் நின்றது, உலகமே போற்றும் பழைய வயலின்களில் ஒன்றான ஒரு ஸ்ட்ராடிவாரியஸ்.

என் சித்தப்பா ஓய்வுபெற்ற பணத்தில் ஸ்பீக்கர் வாங்கப் போனார், நானும் உடன்போனேன். விலை கூடிய ஜோடிக்கு மாற்றும்போது கடைக்காரர் வால்யூமையும் லேசாக ஏற்றியதை நான் பார்த்தேன். சித்தப்பா பார்க்கவில்லை, கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார். சத்தம் கூடினால் பாஸ் நிறைவாகக் கேட்கும் என்பதை 1933-லேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் அளந்து காட்டிவிட்டார்கள். அங்கே நான் வாய் திறக்காமல் இருந்தது இன்றும் உறுத்துகிறது. முப்பது வருடம் உழைத்துச் சேர்த்த பணம் அது.

காதை வெட்டிப் போடச் சொல்லவில்லை எங்கள் அணி. நான் சொன்ன சோதனைகளில் தீர்ப்பு சொன்னதும் காதுதான். அதற்கு நியாயமான சூழலை அமைத்துக் கொடுங்கள் என்கிறோம்: வால்யூம் வித்தியாசம் 0.1 டெசிபலைத் தாண்டாதபடி சமப்படுத்துங்கள், பெயரை மறையுங்கள், உடனுக்குடன் மாற்றிக் கேளுங்கள்.

எதிரணித் தலைவருக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு கேபிள்களைத் திரைக்குப் பின்னால் வைப்போம். பூவா தலையா போட்டு, 16 முறை மாற்றுவோம். எது ஒலிக்கிறது என்று 12 முறை அவர் சரியாகச் சொல்லட்டும். குருட்டாம்போக்கில் அப்படி அமைய நூற்றுக்கு நான்கு வாய்ப்புகூட இல்லை. சொல்லிவிட்டால், அந்தக் கேபிளுக்கு வித்தியாசம் உண்டு என்று இதே மேடையில் நானே ஏற்றுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.