ஆங்கில வகுப்புப் பாடம் மீன் சந்தையில் விளங்கிய கதை | திருகோணமலை வ்லாக்

வணக்கம், எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? நான் டச் பே கடற்கரையில் நிற்கிறேன். காற்று அதிகம், மைக்கைச் சால்வைக்குள் பிடித்துக்கொண்டுதான் கதைக்கிறேன். அங்கே தெரிவது சுவாமி மலை, மேலே கோணேசர் கோயில். போன வீடியோவில் ஆங்கில வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்னேன் அல்லவா? இந்த மாதம் அங்கே படித்த ஒரு பாடம் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. இன்றைக்கு அதுதான்.

பேச்சால் ஒருவரை எப்படி இணங்க வைப்பது என்பதுதான் பாடம். மிஸ் பலகையில் மூன்று சொல் எழுதினார்: ஈதோஸ், பேதோஸ், லோகோஸ். 2,300 ஆண்டுகளுக்கு முன்னால் கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் வகுத்தவை. பேசுகிறவர் மேல் நமக்கு வரும் நம்பிக்கை ஈதோஸ். கேட்கிறவர் நெஞ்சில் எழும் உணர்ச்சி பேதோஸ். சொல்லும் நியாயம் லோகோஸ். அதற்குக் கீழே அனாஃபரா, மெட்டஃபர் என்கிற உருவகம், அலிட்டரேஷன் என்கிற மோனை என்று ஒரு வரிசை. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி, வீட்டுக்கு வந்து பாடமாக்கினேன். யார் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் உள்ளே எதுவும் இறங்கவில்லை.

அடுத்த வகுப்பில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் பேச்சைப் போட்டுக் காட்டினார். 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டனில், அடிமைகளின் விடுதலையை அறிவித்த ஜனாதிபதி லிங்கனின் நினைவிடம், எதிரே சுமார் இரண்டரை லட்சம் பேர். "ஐ ஹாவ் எ ட்ரீம்" என்று திரும்பத் திரும்ப வருகிறதே, அதுதான் அனாஃபரா. சொல்லை அடுக்கி அடுக்கிப் போடுவது நமக்குப் புதிதா என்ன? "செல்வத்துள் செல்வம் செவிச்செல்வம்" என்ற குறளில் ஒரே சொல் எத்தனை தரம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். சொற்பொருள் பின்வருநிலையணி என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் கனவுக்கு முன்னால் வரும் காசோலை. எல்லோருக்கும் சம உரிமை என்று இந்த நாடு எழுதிக் கொடுத்தது, அந்தக் காசோலையைக் காசாக்க வந்திருக்கிறோம், கறுப்பின மக்களுக்குக் கொடுத்த காசோலை மட்டும் பணம் போதாது என்று திரும்பி வந்துவிட்டது என்கிறார் கிங். செக் திரும்பி வந்த வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த வரி எங்கே போய்க் குத்தும் என்று தெரியும். கோபமும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. உரிமை என்பது பிச்சை இல்லை, கடன் பாக்கி. அதை ஒரே ஒரு உருவகத்தில் வைத்துவிட்டார். இன்னொன்றும் கவனித்தேன். பேச்சின் தொடக்கத்தில் நூறு ஆண்டு என்று நேரடியாகச் சொல்லாமல் "பைவ் ஸ்கோர்" என்கிறார், ஐந்து இருபது. 1863இல் லிங்கன் ஒரு பேச்சை இப்படி இருபது இருபதாக எண்ணித்தான் தொடங்கினார். அதே லிங்கனின் சிலை பின்னால் இருக்க, கிங் அதே மாதிரி எண்ணுகிறார். யாருடைய வழியில் வந்து நிற்கிறேன் என்று சொல்லாமலே சொல்லிவிட்டார். ஈதோஸ்!

சரி, அது அமெரிக்கா. எனக்கு முழுக்க விளங்கியது நம்முடைய மீன் சந்தையில்தான். நான் எப்போதும் வாங்குகிற அக்கா ஒருவர் இருக்கிறார். போன ஞாயிறு சூரை கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதை எடுக்காதே பிள்ளை, அது நேற்றையது. பாரை எடு" என்றார். பிறகு பாரையின் செவுளை விரலால் தூக்கிக் காட்டினார், நல்ல சிவப்பு. என் விரலைப் பிடித்து மீனின் முதுகில் அழுத்தினார், அழுத்திய இடம் உடனே மேலே வந்தது. "அம்மாவுக்குச் சுகமில்லை என்றாயே, இதில் சொதி வைத்துக் கொடு" என்றார். வாங்கிக்கொண்டு பாதி வழி வந்த பிறகுதான் தலையில் பளிச்சென்றது. மூன்றும் அங்கேயே இருந்ததே! பேசுகிறவர் மேல் வரும் நம்பிக்கை அந்தப் பேச்சிலேயே பிறக்க வேண்டும், முன்னாலிருந்த பெயரால் வந்தால் போதாது என்கிறார் அரிஸ்டாட்டில். தன் கடை மீனையே வேண்டாம் என்று சொன்ன அந்த ஒரு சொல்லில் எனக்கு அது பிறந்துவிட்டது.

அன்று இரவு கண்ணகியை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். கிழக்கில் வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் வழக்குரை படிப்பார்கள், கேட்டிருப்பீர்கள். விரித்த தலைமுடி, கையில் ஒற்றைச் சிலம்பு, கண்ணில் நீர். பார்த்ததுமே மனம் உருகும். ஆனால் பாண்டியன் யார் நீ என்று கேட்டதும் அவள் அழுது கெஞ்சவில்லை. புறாவுக்காகத் தன் தசையை அரிந்தவனும், கன்றுக்காகப் பெற்ற மகனைத் தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட புகார் என் ஊர் என்கிறாள். நியாயம் என்றால் என்ன என்று தெரிந்த ஊரிலிருந்து வந்தவள். அதற்குப் பிறகுதான் சான்று. என் சிலம்பின் பரல் மாணிக்கம். அரசனே தன் வாயால் எங்கள் சிலம்பில் முத்து என்கிறான். உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. வழக்கு முடிந்தது. எதிராளி வாயாலேயே சான்றை வாங்கிவிட்டு உடைத்தாள் பாருங்கள், எத்தனை தரம் நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இதே வித்தையை வைத்து ஏமாற்றவும் முடியும். எங்கள் சொந்தக்காரத் தம்பி ஒருவன் வெளிநாட்டு வேலை என்று ஒருவரிடம் காசு கொடுத்து இழந்தான். வந்தவர் நன்றாக உடுத்தியிருந்தார், கையில் ஃபைல். "அம்மா இன்னும் எத்தனை நாளைக்கு இடியப்பம் அவித்து விற்பது தம்பி?" என்று கேட்டாராம். இன்றைக்கே கட்டினால்தான் இடம் என்றாராம். நம்பிக்கையும் உணர்ச்சியும் நிறைய இருந்தன, சான்று மட்டும் இல்லை. அனுமதி பெற்ற முகவர் என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திர எண் இருக்கும். பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். நெஞ்சு உருகுகிற நேரத்தில் செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். தயவுசெய்து இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

இனி என் பேச்சுக்கு வருகிறேன். இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். இந்தக் கடற்கரையின் பிளாஸ்டிக்கைப் பற்றி எழுதினேன். கோட்டைப் பக்கத்து மான் ஒன்று ஷொப்பிங் பேக்கை மெல்லுவதை நானே பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லி, நாம் மனிதர்களா, நமக்கு மனச்சாட்சி இல்லையா என்று அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டு முடித்தேன். வாசித்ததும் வகுப்பில் ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது. மிஸ் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "சரி பிள்ளை, நான் அழுதுவிட்டேன். இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்காகவே மிஸ்ஸுக்கு எப்போதும் நன்றி சொல்வேன்.

நேற்றுப் பின்னேரம் இங்கே வந்து, இந்த வள்ளத்திலிருந்து அந்த மதில் வரை நடந்து போத்தல் மூடிகளை மட்டும் பொறுக்கினேன். இரண்டு கையும் கொள்ளவில்லை, சால்வையில் முடிந்துகொண்டு போனேன். அந்த முடிச்சை வகுப்பில் மேசை மேல் அவிழ்த்துக் கொட்டப் போகிறேன். அதுதான் என் மாணிக்கப் பரல். அப்பப்பா இதே கரையில் கரைவலை இழுத்தவர், தொடக்கத்தில் அதைச் சொல்வேன். மான் நடுவில் வரும், கேள்வி ஒன்றே ஒன்றுதான். கடைசி வரியும் எழுதிவிட்டேன், உங்களுக்குத் தமிழிலேயே சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு, இந்த வள்ளத்துக்குப் பக்கத்தில், ஆளுக்கு ஓர் உரப்பையோடு வாருங்கள். வெயில் ஏறுவதற்குள் அந்த மதில் வரை மட்டும் பொறுக்குவோம். நான் ஆறு மணிக்கே வந்து நிற்பேன்.