கனடா ஹெம்லொக்கும் நம்மட சவுக்கும்

எல்லாருக்கும் வணக்கம். பொன்சாய், அதுதான் மரத்தச் சின்னச் சாடியில குட்டையா வளக்கிற கலை, அதப் பத்திக் கதைக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாங்க, நான் ஒரு வெளிநாட்டு மரத்தில இருந்து தொடங்குறன்.

டொரன்டோவில இருக்கிற என்ட அக்காட மகன் போன கிழமை வாட்ஸ்அப்பில படமொண்டு அனுப்பி, "மாமா, இதில எந்தக் கொப்ப வெட்டுறது?" எண்டு கேட்டான். சாடியில ஒரு ஹெம்லொக். நான் கண்ணாடியத் தேடி எடுத்துப் போட்டுப் பாக்கிறதுக்குள்ள அடுத்த மெசேஜ் வந்திட்டுது, ரெண்டு கொப்ப வெட்டிப்போட்டானாம்.

ஹெம்லொக் எண்டதும் சோக்கிரட்டீசுக்குக் குடுத்த நஞ்சு ஞாபகம் வரும், பயப்பிடாதீங்க, அது கரட் குடும்பத்துச் செடி, இது பைன் குடும்பத்து மரம், பேர் மட்டும்தான் ஒண்டு. கனடாவின்ட கிழக்குப் பக்கக் காட்டில 30 மீட்டர் வரைக்கும் வளரும். இலை அரை அங்குலம்தான், தட்டையா இருக்கும், திருப்பிப் பாத்தா அடியில ரெண்டு வெள்ளைக் கோடு. கொப்பில ரெண்டு பக்கமும் விரிஞ்சு நிக்கிறதால தட்டுத் தட்டா அடுக்கிற வடிவம் லேசா வந்திடும், கீழ தொங்குற சின்னக் குச்சிகள எடுத்துவிட்டாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

ஆனா ஒரு விசயம், கொப்பக் கட்டையாக்கிறதெண்டா கொஞ்சமாவது பச்சை மிச்சம் வைக்கணும். பச்சையே இல்லாம மொட்டையா வெட்டினா அந்தக் கொப்பு திரும்பித் துளிர்க்கும் எண்டு நம்பேலாது. வசந்தத்தில வாற இளம்பச்சைக் குருத்து விரியட்டும் எண்டு விட்டு, பிறகு நாலஞ்சு இலையோட நிப்பாட்டி நறுக்கணும், அதுவும் இலைகளுக்கு நடுவில நுனிக்கத்திரியால. இலையப் பாதியா வெட்டினா வெட்டின வாய் கருகி மாசக்கணக்கா அசிங்கமா நிக்கும்.

இந்த மரம் திருகோணமலையில வராது, அதுக்குப் பனி விழுற குளிர்காலம் வேணும். நமக்குச் சவுக்கு இருக்கே. நாம சவுக்கு இலை எண்டு சொல்லுற பச்சை ஊசி உண்மையில இலையில்ல, மெல்லிய குச்சி, அதின்ட கணுவில பல்லு மாதிரித் தெரியுறதுதான் இலை, வெயிலில பிடிச்சுப் பாருங்கோ தெரியும்.

என்ட முத்தத்தில சாடியில ஒரு சவுக்கு நிக்குது, பதினொரு வருசம். வீட்டுக்கு ஆக்கள் வருகினம் எண்டு இடப்பக்கக் கீழ்க்கொப்பில இருந்த பச்சை முழுக்க மழிச்சிட்டன், மூண்டு கிழமையில அந்தக் கொப்பு விறகு. அது காணாதெண்டு கொப்ப வளைக்கிறதுக்குச் சுத்தின கம்பிய மாரி மழை நேரம் கழட்ட மறந்து, மரம் மளமளவெண்டு பருத்து அலுமினியக் கம்பி தோலுக்குள்ள இறங்கி, இண்டைக்கும் பாம்பு சுத்தின மாதிரி வடு. ஹெம்லொக் இதுக்கு நேர் எதிர், அதில ஆறுதலா வளைச்சு கம்பிய நிறைய நாள் விட்டு வைக்கணும், இல்லாட்டி கொப்பு நிமிர்ந்து பழையபடி போயிடும், ஆனா அப்பப்ப பாக்காம விடேலாது.

கச்சான் காத்து அடிக்கிற நாளில இந்தச் சின்னச் சாடி மண் மத்தியானத்துக்குள்ள காஞ்சு விரிஞ்சிடும், நான் காலையும் பின்னேரமும் தண்ணி விடுறன். ஹெம்லொக்கும் வேர் காய விடக்கூடாத மரம்தான், அதில ரெண்டும் ஒண்டு.

மருமகன்ட ரெண்டு கொப்பும் எப்பிடியெண்டு கேக்குறீங்களா? ஒண்டில ஒரு விரல் நீளத்துக்குப் பச்சை இருக்கு, மற்றது மொட்டை. இந்த வருசம் மரத்தத் தொடாத, கத்திரிக்கோல அம்மாட்டக் குடுத்து ஒளிச்சு வைக்கச் சொல்லு எண்டு எழுதினன். அக்கா சிரிச்சுக்கொண்டு வொயிஸ் கட் அனுப்பினா, அவ ஏற்கனவே ஒளிச்சிட்டாவாம்.