அம்மாவின் மருந்துப் பையும் தாய்லாந்தின் 30 பாட்டும்

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு வெளியில் எங்கேயும் போகவில்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்துதான் பேசுகிறேன். முதலில் இந்தப் பையைப் பாருங்கள். புடவைக் கடைப் பை, அம்மாவின் மருந்தெல்லாம் இதற்குள்தான். கொட்டிக் காட்டுகிறேன்.

இரண்டு கிளினிக் புத்தகம் இருக்கிறது. ஒன்று சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும், மற்றது கண்ணுக்கு. இது சேனல் பண்ணின, அதாவது காசு கட்டித் தனியாரில் பார்த்த, டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டு. இந்தக் காகித உறையில் பேனாவால் லோசார்டன் என்று எழுதி இருக்கிறது, பிரஷர் மருந்து. இந்த வெள்ளி அட்டையில் கம்பனிப் பெயர் ஒன்று பெரிதாக இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், கேமராவைக் கிட்டக் கொண்டு வருகிறேன். கீழே பொடி எழுத்தில் என்ன? அதே லோசார்டன்.

போன மாதம் அம்மா இரண்டையும் சேர்த்துப் பதினொரு நாள் குடித்திருக்கிறார். ஒரு செவ்வாய்க்கிழமை விடிய, அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். அவசர அம்புலன்ஸ் இலக்கம் 1990க்கு அடித்தேன், வண்டி வந்தது. அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர் இந்தப் பையை இதே மாதிரிக் கட்டிலில் கொட்டி, இரண்டு மருந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இரண்டும் ஒன்றுதான் அம்மா" என்றார். எனக்குக் கை நடுங்கியது. அந்தப் பையை மூன்று வருடமாகத் தூக்கித் திரிவது நான்தான்.

நடந்ததை யோசித்துப் பாருங்கள். கிளினிக்கில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் திகதி. இடையில் கால் வீங்கியது. அடுத்த திகதி வரை பொறுக்க முடியாமல் சேனல் பண்ணினோம். அந்த டாக்டர் கேட்டபோது அம்மா, "பிரஷருக்கு ஒரு குளிசை குடிக்கிறேன்" என்றார். பெயர் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குப் புத்தகமும் கொண்டு போகவில்லை. அவர் தன் பங்குக்குச் சரியான மருந்தைத்தான் எழுதினார். கிளினிக் டாக்டர் எழுதினதும் சரிதான். ஆனால் பையை முழுதாகப் பார்க்க இந்தக் கொழும்பில் அம்மாவுக்கென்று ஒரு டாக்டர் கிடையாது.

சரி, அம்மாவுக்கு இல்லாத அந்த ஒரு இடத்தைத் தங்கள் சனத்துக்குக் கொடுக்கப் பார்த்த தாய்லாந்துக்கு இப்போது வருவோம். "எங்களுக்கு இலவச வைத்தியம் இருக்கிறதே, அவர்களிடம் என்ன படிக்க இருக்கிறது?" என்று சிலர் நினைக்கலாம். 1951இலேயே அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணத்தை எடுத்துவிட்ட நாடு இது. 1985இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் மன்றம் குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் கண்ட இடங்கள் என்று சீனா, கோஸ்டாரிகா, கேரளா, இலங்கை நான்கையும் எடுத்து ஆராய்ந்தது. அப்போது உலகம் எங்களைப் பார்த்துப் படித்தது. அந்தப் பெருமை எனக்கும் உண்டு.

ஆனால் இன்றைக்கு இந்த நாட்டில் சுகாதாரத்துக்குப் போகிற மொத்தக் காசில் 40 சதவீதம் அளவில் மக்களின் சொந்தப் பையில் இருந்துதான் போகிறது. சேனல் காசு, வெளியில் எடுக்கிற இரத்தப் பரிசோதனை, "ஸ்டொக் இல்லை, பார்மசியில் வாங்குங்கள்" என்று கிடைக்கிற துண்டு எல்லாம் அதற்குள் அடங்கும். தாய்லாந்தில் 2000ஆம் ஆண்டில் இந்தப் பங்கு மூன்றில் ஒன்றை ஒட்டி இருந்தது. இப்போது பத்தில் ஒன்று அளவுக்கு இறங்கிவிட்டது.

எப்படி இறக்கினார்கள் என்பதுதான் கதை. 1997இல் பாட் நாணயம் விழுந்தது. நிதி நிறுவனங்கள் மூடின, வேலைகள் போயின. 2022இல் நாங்கள் பெட்ரோல் வரிசையில் நின்ற மாதிரி ஒரு காலம் அது. நாட்டில் கிட்டத்தட்ட 1 கோடி 80 லட்சம் பேருக்கு எந்தச் சுகாதாரக் காப்பும் இல்லை. அந்தச் சரிவில் இருந்து முழுதாக எழும்ப முதலே, 2001இல் பிரதமர் தக்சினின் புது அரசாங்கம் ஏப்ரலில் ஆறு மாகாணங்களில் எல்லோருக்கும் வைத்தியம் என்கிற திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த வருடம் நாடு முழுக்க வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போனால் 30 பாட், ஏழைகளுக்கு அதுவும் இல்லை. 2006இல் அந்த 30 பாட்டையும் எடுத்துவிட்டார்கள். இந்த யோசனையை வருடக்கணக்காகத் தூக்கித் திரிந்தவர் சங்குவான் நித்தியாரம்போங் என்கிற டாக்டர். கிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர், 2008இல் காலமானார்.

எல்லோரும் 30 பாட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது பதிவு. திட்டத்தில் சேர்கிற ஒவ்வொருவரும் தன் வீட்டுக்குக் கிட்ட உள்ள நிலையத்தில் பெயர் பதிய வேண்டும். பெரும்பாலும் அது மாவட்ட ஆஸ்பத்திரியும் அதோடு சேர்ந்த சின்னச் சுகாதார நிலையங்களும்தான். பதிந்த தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் அந்த இடத்துக்குக் காசு கொடுக்கும். 2002இல் அது தலைக்கு 1,202 பாட். தொடங்கின காலத்தில், அவசரம் இல்லாமல் வேறு இடத்துக்குத் தாங்களாகப் போனவர்களின் செலவு அவர்களுடையதாகவே இருந்தது. கிட்ட உள்ள நிலையம் எழுதி அனுப்பினால் பெரிய ஆஸ்பத்திரியிலும் பார்ப்பார்கள்.

அதாவது காசு ஆளின் பின்னால் போகிறது. இங்கே காசு கட்டடத்தின் பின்னால் போகிறது. கட்டில் எத்தனை, ஆளணி எத்தனை, போன வருடம் எவ்வளவு செலவு என்று பார்த்துத்தான் ஒதுக்குகிறார்கள். அதனால் பெரிய ஆஸ்பத்திரி இன்னும் பெரிதாகும். பக்கத்து மருந்தகத்தில் மருந்து இருக்காது. மருந்து இல்லாத இடத்துக்கு ஏன் போவான் என்று சனமும் விடிய நான்கு மணிக்கே பெரியாஸ்பத்திரி வாசலில் நிற்கும். எங்கள் வீட்டில் இருந்து நடக்கிற தூரத்தில் டாக்டர் பார்த்து மருந்தும் தருகிற மாநகர சபையின் இலவச மருந்தகம் இருக்கிறது. அம்மா இருமலுக்குக்கூட அங்கே போனதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாய்லாந்தில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிகள் 2001இல் திடீரென்று முளைத்தவை இல்லை. 1980களின் தொடக்கத்தில் ஐந்து வருடம், நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற புதுக் கட்டடக் காசை நிறுத்தி மாவட்டங்களுக்குத் திருப்பினார்கள். படித்து வெளியே வந்த டாக்டர்களைக் கட்டாயமாகக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத் தொண்டர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். இது இல்லாமல் வெறும் பதிவு அட்டையை மட்டும் அடித்துக் கொடுத்திருந்தால் அது காகிதமாகவே கிடந்திருக்கும்.

அங்கே எல்லாம் சுகம் என்றும் சொல்ல மாட்டேன். டாக்டர்களுக்கு வேலைப் பளு அதிகம். தலைக்கு வருகிற காசு போதவில்லை என்று ஆஸ்பத்திரிகள் முறையிடுகின்றன. அரச ஊழியருக்குத் தனித் திட்டம், தனியார் கம்பனி ஊழியருக்குத் தனித் திட்டம் என்று மூன்று படி இருக்கிறது. அந்தப் படிகளை நாங்கள் எடுக்கத் தேவையில்லை.

இதைப் படித்துக்கொண்டு போகும்போது எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் மிட்வைஃப் மிஸ். என் அக்கா கர்ப்பமாக இருந்தபோது அவர் வீட்டுக்கு வருவார். படலையில் நின்று அக்காவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். எத்தனையாவது மாதம், போன தடவை நிறை எவ்வளவு, இரும்புக் குளிசை முடிந்ததா என்பதெல்லாம் அவர் கையில் இருந்த கொப்பியில் இருக்கும். பிள்ளை பிறந்த பிறகும் வந்தார். 1926இல் களுத்துறையில் தொடங்கின சுகாதாரப் பிரிவின் தொடர்ச்சிதான் இது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குடும்ப நல உத்தியோகத்தர், அந்தப் பகுதியில் இருக்கிற ஒவ்வொரு தாயும் அவர் கணக்கில். இந்த நாட்டில் பிரசவத்தில் தாய்மார் இறப்பது லட்சத்துக்கு 30 அளவுக்குக் குறைந்ததில் அந்தக் கொப்பிக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அப்போ தாய்லாந்து செய்ததை நாங்கள் பாதி செய்திருக்கிறோம். பெயர் பதிவு, பக்கத்து ஆள், வீட்டுக்கு வருகிற கால், எல்லாம் கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் இருக்கிறது. அறுபத்து நான்கு வயது அம்மாவுக்கு இல்லை. ஆனால் இன்றைக்கு இங்கே நடக்கிற பத்து மரணத்தில் எட்டு, இருதயம், சீனி, பாரிசவாதம், புற்றுநோய் மாதிரியான நீண்டகால நோய்களால்தான். நோய் மாறிவிட்டது, கொப்பி இன்னும் மாறவில்லை.

வேலை ஒன்றுமே நடக்கவில்லை என்றும் இல்லை. 2018இல் உலக வங்கிக் கடனோடு ஆரம்ப சுகாதாரத்தைப் பலப்படுத்தும் திட்டம் வந்தது. ஆளுக்கு ஒரு சுகாதார இலக்கம் என்பது அதிலும் உள்ள யோசனைதான். அந்த இலக்கத்தோடு காசும் சேர்ந்து போக வேண்டும். அந்த நிலையத்தில் தமிழ் பேசுகிற ஒருவராவது இருக்க வேண்டும். உறையில் "காலை, இரவு" என்பதைச் சிங்களத்தில் எழுதித் தந்தால் அம்மா என்ன செய்வார்? நான் வேலையால் வரும் வரை காத்திருப்பார். இல்லாவிட்டால் குத்துமதிப்பாகக் குடிப்பார்.

வேறு நாட்டு முறை இங்கே சரிவராது என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று. அம்மாவைத் தூக்கிப் போன அந்த 1990 வண்டியே வேறு நாட்டில் படித்ததுதான். 2005இல் ஹைதராபாத்தில் தொடங்கின 108 சேவையைப் பார்த்து, இந்தியாவின் உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு சுவசெரிய என்கிற இந்த இலவச அம்புலன்ஸ் சேவை வந்தது. 2018இல் யாழ்ப்பாணத்துக்கும் போனது, இப்போது தீவு முழுக்க ஓடுகிறது. அதற்கு முதல் நடுச்சாமத்தில் நெஞ்சு வலித்தால் எந்த வீட்டில் வேன் இருக்கிறது என்று கதவு தட்டித் திரிந்த சனம் நாங்கள்.

வருகிற சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்த மாநகர சபை மருந்தகத்துக்குப் போகப் போகிறேன். இரண்டு புத்தகத்தையும் இந்தப் பையையும் அப்படியே கொண்டு போய், ஒருவரே இதைத் தொடர்ந்து பார்க்க முடியுமா என்று கேட்பேன். என்ன சொன்னார்கள் என்று அடுத்த வீடியோவில் சொல்கிறேன்.

அதுவரைக்கும் இதைச் செய்திருக்கிறேன். இந்த அட்டையில் அம்மாவின் எல்லா மருந்தின் பெயரையும் தமிழில் எழுதி இருக்கிறேன். கம்பனிப் பெயர் இல்லை, மருந்தின் பெயர். மருந்தை அதன் சொந்தப் பெயரால் எழுத வேண்டும் என்று 1970களில் போராடின பேராசிரியர் சேனக பிபிலே இந்த நாட்டு ஆள்தான். மெட்ஃபோர்மின், காலை, இரவு. அடோர்வாஸ்டாட்டின், இரவு. லோசார்டன், ஒன்று மட்டும். "ஒன்று மட்டும்" என்பதற்குக் கீழே சிவப்பில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

எட்டரை ஆகிவிட்டது, அம்மா கூப்பிடுகிறார். இரவுக் குளிசையைக் கொடுத்துவிட்டு வருகிறேன்.