சேலம் காலியானது, தஞ்சாவூர் தப்பித்தது: ஒரே காவிரி, ஒரே பஞ்சம்!

[திரையில்: கல்லணை, காலை நேரம். காற்று மைக்கில் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.]

வணக்கம். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தவர்கள் சுமார் 19 லட்சத்து 70 ஆயிரம் பேர். சேலம் ஜில்லாவிலும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கைதான். பத்து வருஷம் கழித்து, 1881-ல், மறுபடியும் எண்ணினார்கள். தஞ்சாவூர் 21 லட்சத்தைத் தாண்டியிருந்தது. சேலம் 16 லட்சத்துக்கு இறங்கியிருந்தது!

இரண்டு ஜில்லாவும் பார்ப்பது ஒரே காவிரியைத்தான். நடுவில் என்ன நடந்தது?

தாது வருஷப் பஞ்சம். 1876-ல் மழை பொய்த்தது, 1878 வரை விடவில்லை. சென்னை மாகாணம், மைசூர், ஹைதராபாத், பம்பாய் எல்லாம் காய்ந்தன. பிரிட்டிஷ் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பின்னணி அவ்வளவுதான், பாடம் முடிந்தது. (தாது வருஷம் கடைசியாக வந்தது 1996-ல். அந்த வருஷத்துப் பிள்ளைகள் கமெண்டில் கையைத் தூக்குங்கள்.)

சேலத்துக்காரருக்குக் காவிரி கண்ணுக்கு மட்டும்தான். மேற்கு எல்லையில் பள்ளத்தில் ஓடிப்போய்விடும். மேட்டூர் அணை வந்ததே 1934-ல்; அந்தத் தண்ணீரும் பெரும்பாலும் நம் பக்கம்தான் வருகிறது. சேலத்தில் ஏரியும் கிணறும் மானாவாரியும்தான், மழை போனால் எல்லாம் போச்சு. நமக்கோ குடகில் பெய்தால் போதும், தஞ்சாவூரில் நாற்று நிற்கும். அப்புறம் 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே ஓர் அணை கட்டியிருந்தார். கொள்ளிடம் பள்ளம், காவிரி மேடு. தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தில் போய்க் காவிரி மணல்மேடாகிக்கொண்டிருந்ததை அந்த அணை நிறுத்தியது. ஆற்று மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை அவர் படித்தது இதோ, நான் நிற்கும் இந்தக் கல்லணையைப் பார்த்து. கரிகாலனுக்கு ராயல்டி போகவில்லை.

சரி, டெல்டாவில் நெல் இருந்தது. சேலத்துக்கு ரயிலும் இருந்தது. 1868-லேயே நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர், திருச்சி வழியாக ஈரோடு வரை தண்டவாளம் போட்டாகிவிட்டது. ஈரோட்டிலிருந்து சேலத்துக்கு வேறு லைன். பிறகு எப்படி மனிதர் செத்தார்கள்?

நெல்லுக்குக் கால் கிடையாது, காசு இருக்கும் பக்கம்தான் போகும். மழை பொய்த்த ஊரில் கூலி வேலை நின்றுவிடும், கையில் காசு இருக்காது, விலை மட்டும் ஏறும். வியாபாரத்தில் அரசு தலையிடக்கூடாது என்பது வைஸ்ராய் லிட்டனின் கொள்கை. சென்னை அரசு தானாகத் தானியம் வாங்கியதற்கே அவருக்குக் கோபம். அதே வருஷங்களில் இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசி என்று அறிவிக்கும் தர்பார் விருந்தும் தடபுடலாக நடந்தது. எனக்கு இதில் நடுநிலையெல்லாம் கிடையாது.

இப்போது என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். வீடியோவில் இதுதான் நீளமாகப் போகும்.

[திரையில்: எங்கள் வீட்டு அடுப்படி, மின்தராசு, அரிசி டப்பா]

செலவைக் குறைக்க லிட்டன் அனுப்பிய ஆள் ரிச்சர்ட் டெம்பிள். நிவாரண வேலைக்கு வரும் ஆண் ஒருவருக்கு ஒரு நாள் கூலியாக அவர் வைத்த அளவு, ஒரு பவுண்டு தானியத்துக்கான காசு, மேலே ஓர் அணா. ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். தராசில் கொட்டினேன். அம்மா எட்டிப் பார்த்து, “இதென்னடா, நம்ம மூணு பேருக்கு மத்தியானத்துக்கு ஆகுமே, ஒரு ஆளுக்கா?” என்றார். எனக்கும் பகீரென்றது. தாராளமாகத்தானே தெரிகிறது? வீடியோவே படுத்துவிட்டதோ என்று நினைத்தேன்.

அப்புறம் அம்மாவே கேட்டார்: “குழம்பு?”

குழம்பு கிடையாது. பருப்பு, காய், எண்ணெய், மோர் எதுவும் கணக்கில் இல்லை. உப்பு, மிளகாய், விறகு எல்லாம் அந்த ஓர் அணாவுக்குள். காலை, மதியம், ராத்திரி மூன்றுக்கும் இந்த அரிசிதான், சுமார் 1,600 கலோரி. வேலையோ கல் உடைப்பது, மண் சுமப்பது. அதற்கு அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதைத்தான் எழுத்தில் எதிர்த்தார்: ஒன்றரைப் பவுண்டு கொடுங்கள், காயும் புரதமும் சேருங்கள் என்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூன்று வருஷம் முன்னால் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி இறக்கி ஜனங்களைக் காப்பாற்றியவரும் இதே டெம்பிள்தான். அப்போது சாவு மிகக் குறைவு. பாராட்டினார்களா? காசை வாரி இறைத்துவிட்டாய் என்று திட்டு விழுந்தது. மனிதர் பாடம் கற்றுக்கொண்டார், தப்பான பாடத்தை.

டெல்டாவுக்கு வருவோம். விலை ஏறினால் களஞ்சியம் நிறைய நெல் வைத்திருக்கும் மிராசுதாருக்கு நல்ல காலம். காசுக்கு நெய்து அரிசி வாங்கிச் சாப்பிடும் நெசவாளிக்குக் கெட்ட காலம். பண்ணையாளுக்கோ கூலியே நெல், மரக்காலில் அளந்து போடுவார்கள். விலை எங்கே ஏறினாலும் மரக்காலின் அளவு ஏறாது, இறங்காது. அவரை அடிமையாக வைத்திருந்த அதே கூலிமுறைதான் அந்த வருஷம் அவருக்குக் கஞ்சியும் ஊற்றியது. இதை எழுதும்போது எனக்கே சங்கடமாக இருந்தது, ஆனால் எடுக்க மனசில்லை. அந்த மரக்காலை விட்டு ஓடினால் போதும் என்று நாகப்பட்டினத்தில் பினாங்குக்குக் கப்பலேறியவர்களும் இருந்தார்கள். அது தனி வீடியோ.

உங்கள் வீட்டில் பழைய மரக்கால் இருந்தால் படம் எடுத்துக் கமெண்டில் போடுங்கள், எத்தனை படி பிடிக்கும் என்றும் எழுதுங்கள். ஊருக்கு ஊர் அளவு மாறுமாம். எங்கள் வீட்டு மரக்கால் திண்ணையில் இருக்கிறது, அதில் குடை வைத்திருக்கிறோம்.