சைக்கிளுக்கு ஹெட்லைட்: எண்ணைப் பார்க்காதீர்கள், ரோட்டைப் பாருங்கள்

[காட்சி: விடியற்காலை 5 மணி. சென்னைப் புறநகரில் தெருவிளக்கு எரியாத ஒரு சாலை. ஹேண்டில்பாரிலிருந்து எடுத்த படம். திரை ஏறக்குறைய முழுக் கறுப்பு.]

வணக்கம். இந்த ரோட்டில் இன்னும் 20 அடி தள்ளி ஒரு வேகத்தடை இருக்கிறது. அதில் அடித்த வெள்ளைக் கோடு எப்போதோ அழிந்துவிட்டது. தெரிகிறதா?

[லைட் எரிகிறது.]

இப்போது தெரியும்.

நவம்பரில் சென்னையில் மாலை 5:40-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஜனவரியில் காலை 6:30 தாண்டித்தான் உதிக்கும். காலை ஷிஃப்டுக்கும் டியூஷனுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. மழைக்காலம் வேறு. பள்ளமெல்லாம் தண்ணீருக்குள் ஒளிந்திருக்கும்.

சரி, லைட் வாங்கப் போகிறோம். பெட்டி மேல் பெரிதாக ஓர் எண் இருக்கும்: 300 லூமென், 800 லூமென், சிலவற்றில் 5000 லூமென். லூமென் என்பது விளக்கிலிருந்து வெளியே வருகிற மொத்த ஒளி. அது ரோட்டில் விழுகிறதா, பக்கத்து வேப்பமரத்தில் விழுகிறதா என்று அந்த எண் சொல்லாது. ஒரு சதுர மீட்டர் இடத்தில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதைச் சொல்வது லக்ஸ். தூரம் இரண்டு மடங்கானால் லக்ஸ் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதனால், எத்தனை மீட்டரில் அளந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

[காட்சி: தரையில் சாக்பீஸால் போட்ட கோடுகள் – 8 மீட்டர், 16 மீட்டர், 20 மீட்டர்.]

நமக்கு எவ்வளவு தூரம் தெரிய வேண்டும்? மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஒரு நொடிக்கு ஐந்தரை மீட்டர் நகர்கிறோம். பள்ளத்தைக் கண்டு, மனதில் வாங்கி, பிரேக்கில் கை வைக்க ஒன்றரை நொடி என்று வையுங்கள். அதற்குள் 8 மீட்டர் போய்விட்டது. ஈரமான ரோட்டில் வண்டி நிற்க இன்னும் 8 மீட்டர் ஆகும். ஆக, 20 மீட்டர் வரைக்கும் தெளிவாகத் தெரிந்தால்தான் நிம்மதி. தெருவிளக்கு ஒழுங்காக எரிகிற ரோட்டுக்கு 200 லூமென் போதும். கும்மிருட்டுச் சாலை என்றால் 400-லிருந்து 600 வரை பார்க்கலாம். என் அனுபவத்தில் அதற்கு மேல் தேவைப்பட்டதே இல்லை.

அந்த 5000 லூமென்? வாங்குவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள்.

[காட்சி: உள்ளங்கையில் ஒரு 18650 பேட்டரி.]

இந்த வகை லைட்களில் பெரும்பாலும் இந்த பேட்டரிதான் இருக்கும். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம்; பெயரே அளவுதான். கொள்ளளவு 3000 மில்லிஆம்பியர்-மணி, அதாவது 3 ஆம்பியர்-மணி; சுமார் 3.7 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 11 வாட்-மணி. எல்.இ.டி. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தரும். அப்படியானால் 1000 லூமெனுக்கு 10 வாட் வேண்டும். பேட்டரி ஒரு மணி நேரம்தான் தாங்கும். 5000 லூமெனுக்கு 50 வாட்! கால் மணி நேரம்கூட வராது, லைட்டையும் கையால் தொட முடியாது. "5000 லூமென், 8 மணி நேரம்" என்று ஒற்றை பேட்டரி லைட்டில் போட்டிருந்தால் அது பொய். அந்தக் கடையில் வேறு எதையும் வாங்க வேண்டாம்.

பழைய டைனமோ ஞாபகம் இருக்கிறதா? டயரில் உரசிக்கொண்டு ஓடும், மிதி கனக்கும், வண்டி நின்றால் விளக்கும் அணையும். 6 வோல்ட், 3 வாட். குண்டு பல்பில் மஞ்சளாக எரிந்த அதே 3 வாட்டை இன்று எல்.இ.டி.யில் கொடுத்தால் ரோடு பளிச்சென்று தெரியும். ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் தினசரி சைக்கிள்காரர்கள் பலர் முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள்ளேயே டைனமோ வைத்து ஓட்டுகிறார்கள். சார்ஜ் போடுகிற வேலையே இல்லை.

ஜெர்மனியிடம் கற்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அங்கே சைக்கிள் ஹெட்லைட் 10 மீட்டரில் குறைந்தது 10 லக்ஸ் தர வேண்டும், எதிரே வருகிறவர் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது. அனுமதி பெற்ற லைட்டில் ஓர் அலைக்கோடும் 'கே' (K) என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். அந்த லைட்டின் ஒளியையும் சாதாரண லைட்டின் ஒளியையும் சுவரில் பாய்ச்சிப் பாருங்கள்.

[காட்சி: சுவரில் இரண்டு ஒளிகள். ஒன்று வட்டம். இன்னொன்று மேல்விளிம்பு கத்தியால் நறுக்கியது போல.]

வட்ட ஒளியில் பாதி வானத்துக்குப் போகிறது. நறுக்கிய ஒளி முழுக்க ரோட்டுக்கு வருகிறது. எதிரே வரும் பஸ் ஹை பீம் போட்டால் நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது! நாமும் அதையே நடந்து வருகிற பாட்டிக்குச் செய்யக் கூடாது. அதனால் நான் எப்போதும் மேல்விளிம்பு வெட்டிய லைட்டையே சொல்வேன்.

மழைக்கு, தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் குறியீடு ஐ.பி.எக்ஸ். 4 (IPX4) என்றிருந்தால் தண்ணீர் தெறிப்பதைத் தாங்கும். சார்ஜ் போடும் துளையின் ரப்பர் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று கடையிலேயே அழுத்திப் பாருங்கள். முன்னால் கூடை வைத்த சைக்கிளா? ஹேண்டில்பாரில் மாட்டினால் கூடையும் பையும் ஒளியை மறைத்துவிடும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கிலோ கூடைக்கு முன்னாலோ மாட்டுங்கள். மின்னும் மோடை முன்னால் போடாதீர்கள், எதிரே வருகிறவருக்குத் தூரம் பிடிபடாது. பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம் வேண்டும்.

வாங்கியாச்சா? சைக்கிளைச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். லைட் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், சுவரில் ஒளியின் நடுப்பகுதி அரை மீட்டர் உயரத்தில் விழ வேண்டும். அப்போது அது ரோட்டை 10 மீட்டரில் தொடும். மேல்விளிம்பு வெட்டிய லைட் என்றால், அந்த விளிம்பு லைட்டின் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றால் போதும்.

அப்புறம் வீட்டில் ஒருவரை எதிரே 10 மீட்டரில் நிற்கச் சொல்லுங்கள். அவர் கண்ணைச் சுருக்கினால், லைட்டை இன்னும் கொஞ்சம் கீழே சாயுங்கள்.