கூடம் கோணலா, ஆட்டம் கோணலா?

(கோல்ஃப் கிளப் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, நெருக்கடியான வேலைகளுக்கு நடுவிலும் வந்திருக்கும் மாவட்ட ஆட்சியர் அவர்களே, கோப்பைகளை வழங்கிச் சிறப்பித்த கர்னல் ஐயா அவர்களே, எனக்குப் பத்தே நிமிடம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்ட செயலர் அவர்களே, புல்லை இப்படிப் பச்சையாக வைத்திருக்கும் மைதான ஊழியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்களான நாம் முன்னேற மூன்று வழிகள் சொல்லப்போகிறேன். குச்சியைப் பிடிக்கும் பிடி, பந்தைக் குழிக்குள் தட்டிவிடும் பட்டிங், மூன்றாவது மனசு.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்." நம் கிளப்புக்கென்றே சொன்ன பழமொழி இது. பந்து வலப்பக்கம் வளைந்து போனால் உடனே புது டிரைவர், அதாவது தூரமாக அடிக்கும் குச்சி, வாங்குகிறோம். விதிப்படி பையில் 14 குச்சிகள்தான் இருக்கலாம். அதில் பாதியை நமக்குச் சரியாக அடிக்கத் தெரியாது. முதலில் பிடி. சூடான காபி டம்ளரைப் பிடிக்கிற அளவுக்குக் குச்சியைப் பிடித்தால் போதும். நாம் இறுக்குகிற இறுக்கில் முன்கை விறைத்து, மணிக்கட்டு திரும்பாமல் போகிறது. பிடி அவ்வளவுதான்.

அடுத்தது பட்டிங். 18 குழிகளையும் முடிக்க பார், அதாவது நல்ல ஆட்டக்காரருக்கான அடிக்கணக்கு, 72. குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையான கிரீன் ஒவ்வொன்றிலும் இரண்டு பட் வீதம் 36, அதாவது சரிபாதி. ஆனால் பயிற்சிக்கு வந்தால் ஒரு கூடை பந்தையும் டிரைவரிலேயே அடித்துவிட்டு டிபன் சாப்பிடப் போய்விடுகிறோம். குழியைச் சுற்றி மூன்றடியில் பந்துகளை வைத்து அத்தனையும் உள்ளே போகும்வரை தட்டுங்கள். அப்புறம் முப்பதடியிலிருந்து, குழியில் போடும் ஆசையை விட்டு, பக்கத்தில் நிறுத்த மட்டும் பழகுங்கள். ஒரே கிரீனில் மூன்று முறை தட்டுவது குறையும்.

இங்கே ஒரு கதை. நம் உறுப்பினர் ஒருவர், ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. பெயர் வேண்டாம், முன்வரிசையில்தான் இருக்கிறார். பங்கர் என்ற மணற்குழியில் பந்து விழுந்தது. முதல் அடி, பந்து அசையவில்லை. "மணல் ஈரம்" என்றார். இரண்டாவது அடியில் பந்து விளிம்பில் மோதி அவர் காலடிக்கே திரும்பி வந்தது. "பந்து பழசு." மூன்றாவதுக்குக் காற்று. நான்காவதுக்கு, மரத்தில் கத்திய காக்கை! கூடம் கோணல், கோணல், கோணல்! கேடி, அதாவது ஆட்டக்காரரின் பையைச் சுமந்து உதவுபவர், ஒரு பெரியவர். அவர் மெல்லச் சொன்னார்: "ஐயா, பந்தை மறந்துடுங்க. குச்சி முகத்தைக் கொஞ்சம் திறந்து வச்சு, பந்துக்கு ரெண்டு அங்குலம் பின்னால மணலை அடிங்க. பாதியில நிறுத்தாதீங்க." அடித்தார். மணலோடு பந்தும் எழும்பி, கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. நம் அதிகாரி குச்சியைத் தூக்கிப் பார்த்து, "நல்ல வெட்ஜ்யா இது!" என்றார்.

பெரியவருக்கு ஒரு நன்றி கிடையாது. நான் இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான். போட்டியில் தனியாக ஆடும்போது, எப்படி அடிக்கலாம் என்று நாம் யோசனை கேட்க விதி அனுமதிக்கும் ஒரே ஆள் நம் கேடி. அவரிடம் நாம் கேட்பதோ தண்ணீர் பாட்டில்! டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-லும் 1993-லும் இந்தியன் ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்றார். பெங்களூரில் பை தூக்கிய முனியப்பா 2009-ல் வென்றார். நம்மிடம் பை தூக்கும் பிள்ளைகளோ பட்டிங் கிரீனில் கால் வைத்தால் விரட்டப்படுகிறார்கள்.

திங்கட்கிழமை மைதானம் மூடித்தான் கிடக்கிறது. அந்தக் காலை வேளையை அவர்களுக்குக் கொடுங்கள். வீட்டுப் பரணில் தூங்கும் பழைய செட்டுகளையும் கொடுங்கள். பதிலுக்கு, புது உறுப்பினர்களுக்குச் சிப்பிங், அதாவது கிரீனுக்குப் பக்கத்திலிருந்து பந்தை மெல்லத் தூக்கிப் போடுவது எப்படி என்று, சொல்லித்தர மூத்த கேடிகளை அமர்த்தி, அதற்குத் தனிக் கூலி கொடுங்கள். மைதானம் கெட்டுவிடும் என்று குழுவில் சிலர் சொல்வதாகக் கேள்வி. நாம் பிய்த்துப் போடும் புல்லை எடுத்து ஒட்டுவது யாராம்? இதுவும் கூடம் கோணல் கதைதான்.

செயலர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். சரி, மனசைப் பற்றி அடுத்த ஆண்டு பேசிக்கொள்ளலாம். தேநீர் மேசையில் திங்கட்கிழமை மனு இருக்கிறது. கர்னல் ஐயா முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார். ஆட்சியர் அவர்கள் கிளம்புவதற்குள் மற்றவர்களும் போட்டால் இன்றைக்கே குழுவிடம் கொடுத்துவிடலாம்.